முன்மாதிரி என்றால் யாராவது பார்க்க வேண்டாமா?
மாணவர் அகப்பக்கங்களைப் பாராட்டிய வரலாறு



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் உங்கள் பள்ளியில் 'சிறந்த அகப்பக்கம்' என்று பரிசு வாங்கிய பக்கத்தை இப்போது உங்களால் திறந்து பார்க்க முடியுமா? பரிசு வாங்கிய பிள்ளையின் பெயர் ஆண்டு மலரில் இருக்கும். கேடயத்தோடு எடுத்த படம் இருக்கும். பக்கம்? அநேகமாக இருக்காது.

என் அனுபவத்தையே சொல்றேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணினி வாரம் நடந்தது. நான் தமிழ் ஆசிரியை. நடுவர் ஒருவர் குறைகிறார் என்று என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு அகப்பக்கங்கள், ஒரு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. படங்கள் தாமாக நகரும் ஒரு சுற்றுலாப் பக்கத்துக்கு முதல் பரிசு கொடுத்தோம். பினாங்குப் பாலம், கொடிமலை, கெக் லோக் சி என்று எல்லாம் அழகாக வந்து வந்து போயின. அந்த வார்ப்புரு இலவசமாகக் கிடைப்பது என்பதும், எழுத்து முழுவதும் வேறு எங்கோ இருந்து எடுத்து ஒட்டியது என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதே வரிசையில் நான்காம் படிவ மாணவி ஒருத்தியின் பக்கமும் இருந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஓர் அட்டவணை. அவ்வளவுதான் முதல் பார்வைக்கு. ஆனால் அந்தப் பிள்ளை லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில், கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள். பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறதா, யார் எழுதியது, கடை எந்த ஆண்டு திறந்தது, அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டு, பதில் சொன்னவரின் பெயரோடு எழுதியிருக்கிறாள். மொத்தம் பதினொரு பக்கம். நாங்கள் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. அவளுக்குக் கிடைத்தது பங்கேற்புச் சான்றிதழ். நானும் அந்த நடுவர்களில் ஒருத்திதான், அதனால் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அந்த வருத்தத்தில்தான், மாணவர்களின் வலை வடிவமைப்பு வேலையை உலகம் எப்படியெல்லாம் பாராட்டி வந்திருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். கருத்து விளக்கக் கட்டுரைக்கு ஆண்டும் பெயரும் தேடும் மாணவர்களுக்கும் இதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

மாணவரைப் பாராட்டுவது நம்ம பினாங்குக்குப் புதுசு இல்லை. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816 அக்டோபர் 21-இல் பாதிரியார் ஹட்சிங்ஸின் முயற்சியால் தொடங்கியது. அங்கே தமிழ் வகுப்பு இருந்ததைக் கணக்கில் வைத்துத்தான் 2016-இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடினோம். 1880களில் நீரிணைக் குடியேற்றங்களில் குயின்ஸ் உபகாரச் சம்பளம் வந்தது. ஃப்ரீ ஸ்கூல் மாணவர் வூ லியன் தே அதை வென்று 1896-இல் கேம்பிரிட்ஜ் போனார். பிறகு 1910-11 மஞ்சூரியக் கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தியவர் அவரேதான். பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மரபில் பாராட்டப்பட்டது மாணவரின் பெயரும் மதிப்பெண்ணும். அவர் விடைத்தாளில் என்ன எழுதினார் என்பதை அடுத்த ஆண்டு மாணவர் எடுத்துப் படிக்கும் ஏற்பாடு தேர்வு முறையில் கிடையாது. தாள் உறைக்குள் போகும், பெயர் பலகைக்கு வரும். இன்றைக்கும் எஸ்பிஎம் அப்படித்தானே நடக்கிறது?

அகப்பக்கம் வந்தபோது இந்த நிலை மாறியிருக்க வேண்டும். வையவிரிவு வலையை டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பத்தில் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்க வேண்டிய ஒரு குணம் இருக்கிறது. பக்கத்தைப் பார்க்க முடிந்த எவரும், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கலாம். 'மூலத்தைப் பார்' என்று ஒரு கட்டளை. இப்போதும் உலாவியில் கன்ட்ரோல் விசையோடு யூ விசையைத் தட்டினால் போதும். தொண்ணூறுகளில் அகப்பக்கம் செய்யக் கற்றவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் கற்றார்கள். புத்தகத்தைப் பார்த்து இல்லை, அடுத்தவர் பக்கத்தைத் திறந்து பார்த்து. விடைத்தாளை உறையில் மூடி வைத்துப் பழகிய பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரான வழக்கம் இது.

விருதுகளும் சீக்கிரமே வந்துவிட்டன. 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் வையவிரிவு வலை மாநாட்டிலேயே 'வலையில் சிறந்தவை' முடிவுகளை அறிவித்தார்கள். அதே ஆண்டு கிளென் டேவிஸ் என்பவர் 'இன்றைய அருமையான தளம்' என்று நாளுக்கு ஒரு தளத்தைப் பொறுக்கிக் காட்ட ஆரம்பித்தார். அவர் கை காட்டிய தளத்துக்குக் கூட்டம் குவிந்தது. அதைப் பார்த்து ஆளாளுக்கு விருது கொடுக்கக் கிளம்பினார்கள். பளபளக்கும் பதக்கப் படம் ஒன்றைச் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள், வாங்கியவர் அதைத் தன் பக்கத்தின் அடியில் ஒட்டிக்கொள்வார். எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. நம் பள்ளிகளில் இப்போது ஓடும் மின்சான்றிதழ்க் கலாசாரம் எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

பள்ளி மாணவர்களுக்கென்றே வந்தவை இரண்டு. இரண்டும் 1996-இல் தொடங்கின.

ஒன்று திங்க்குவெஸ்ட். ஆலன் வைஸ் என்பவர் தலைமையில் இருந்த ஓர் அமெரிக்க அமைப்பு நடத்தியது. மாணவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, மற்ற மாணவர்கள் பாடம் கற்க உதவும் தளம் ஒன்றைச் செய்ய வேண்டும். குழுவினர் வெவ்வேறு பள்ளி, வெவ்வேறு நாட்டிலிருந்து வந்தால் இன்னும் நல்லது. வென்றவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. அதைவிட முக்கியம், தளங்களைப் போட்டியோடு தூக்கிப் போடாமல் ஒரு நூலகமாகச் சேர்த்து வைத்தார்கள். காலப்போக்கில் ஆயிரக்கணக்கான மாணவர் தளங்கள் அங்கே இருந்தன. ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்துக்குத் தேடினால், இன்னொரு பிள்ளை செய்த பக்கம் வந்து நிற்கும்.

இன்னொன்று சைபர்ஃபேர். குளோபல் ஸ்கூல்நெட் நடத்தியது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இங்கே தலைப்பு உங்கள் ஊர்தான். உள்ளூர்த் தலைவர்கள், உள்ளூர்த் தொழில்கள், வரலாற்றுச் சின்னங்கள், சுற்றுச்சூழல், இசை, கலை என்று எட்டுப் பிரிவுகள். மாணவர்கள் தங்கள் ஊருக்குள் போய், ஆட்களிடம் பேசி, அதை அகப்பக்கமாக்க வேண்டும். பக்கத்தோடு, இதை எப்படிச் செய்தோம், யாரைக் கேட்டோம், என்ன சிரமப்பட்டோம் என்று ஒரு விளக்கமும் எழுத வேண்டும். நம் மாணவியின் கடைத்தெருப் பக்கம் அப்படியே இதற்குப் பொருந்தும், பார்த்தீங்களா? அது மட்டும் இல்லை. போட்டிக்கு வந்த பள்ளிகளே மற்றப் பள்ளிகளின் பக்கங்களை மதிப்பிட வேண்டும். கொடுக்கப்பட்ட அளவுகோலை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டு, கருத்தும் எழுத வேண்டும். அதைச் செய்தால்தான் உங்கள் பதிவு போட்டியில் நிற்கும்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று நடுவர்கள் ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு பக்கம் புரட்டுவது ஒரு முறை. பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து இன்னொரு நாட்டுப் பிள்ளையின் பக்கத்தை அடி முதல் நுனி வரை படித்து, 'இங்கே எனக்குப் புரியவில்லை, இது நன்றாக இருக்கிறது' என்று எழுதுவது இன்னொரு முறை. தோற்றுப்போன பக்கத்துக்கும் வாசகர் இருந்தார் என்பது இரண்டாவது முறையில் உறுதி.

தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த இடத்தில் அரங்கேற்றம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. கேள்வி கேட்க ஓர் ஆள், கேட்டுக்கொண்டிருக்க ஓர் அவை. பாராட்டுக்கு முன்னால் படிப்பு. பரிசு கொடுத்துவிட்டுப் படிக்காமல் விடுவது நம் மரபில் இல்லாத வழக்கம்.

இதில் நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நூல். அதன் பாயிரப் பகுதியில், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் எழுதத் தகுதி உள்ளவர் யார் என்று கணக்கு வைத்திருக்கிறார். ஆசிரியர் எழுதலாம். கூடப் படித்தவர் எழுதலாம். மாணாக்கர் எழுதலாம். தகுதியுள்ள உரைகாரர் எழுதலாம். நூலை எழுதியவரே தன்னைப் புகழ்ந்துகொள்வது பொதுவாகத் தகாது, சில இடங்களில் மட்டும் விதிவிலக்கு. கூடப் படித்தவரைப் பட்டியலில் வைத்தார் பாருங்க! சக மாணவர் மதிப்பீடு என்று நாம் பயிலரங்கில் புதுசாகக் கேட்டுக் குறிப்பெடுப்பதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்தப் பாயிரத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதும் நன்னூலில் இருக்கிறது. எட்டுச் செய்திகள் கட்டாயம், மூன்று கூடுதல், மொத்தம் பதினொன்று. இவற்றை அகப்பக்கத்துக்கு வைத்துப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். செய்தவர் பெயர் என்ன. எந்த மூலத்திலிருந்து வந்தது, அதாவது வழி. எந்த வட்டாரத்துக்கு உரியது, அதாவது எல்லை. தலைப்பு என்ன. என்ன பொருளைப் பேசுகிறது. யார் படிக்க வேண்டியது. படித்தால் என்ன பயன். இவற்றோடு யாப்பு என்று ஒன்று. செய்யுள் இலக்கணத்து யாப்பு இல்லை இது, ஆக்கிய முறை. பலவற்றைத் தொகுத்தாயா, சுருக்கமானதை விரித்தாயா, இரண்டும் செய்தாயா, மொழிபெயர்த்தாயா என்று கேட்கிறது. வெட்டி ஒட்டும் காலத்துப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்ன? கூடுதல் மூன்று, எந்தக் காலத்தில் செய்தது, எந்தக் களத்தில் அரங்கேறியது, என்ன காரணத்துக்காகச் செய்தது என்பவை.

இந்தப் பதினொன்றையும் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நாங்கள் உட்கார்ந்திருந்தால் அந்தச் சுற்றுலாப் பக்கம் 'வழி' என்ற இரண்டாம் கேள்வியிலேயே விழுந்திருக்கும். கடைத்தெருப் பக்கத்தில் பதினொன்றில் பத்துக்காவது பதில் இருந்தது. களம் ஒன்றுதான் அவளுக்குக் கிடைக்கவில்லை. அது அவள் தப்பு இல்லையே.

அழகுக்கு இடமே இல்லையா என்று கணினி ஆசிரியர்கள் கேட்பார்கள். இருக்கிறது. 2003 மே மாதம் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே என்ற வடிவமைப்பாளர் 'சிஎஸ்எஸ் சென் கார்டன்' என்ற தளத்தைத் திறந்தார். எச்டிஎம்எல் கோப்பு ஒன்றுதான், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றி அனுப்பலாம். ஒரே எழுத்து, நூறு தோற்றம். ஒவ்வொரு வடிவமைப்பின் கீழும் செய்தவர் பெயர், கூடவே அந்தக் கோப்பைத் திறந்து படிக்க வழி. வடிவமைப்பை மட்டும் தனியாகப் பிரித்துப் பாராட்ட இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஐந்தாம் படிவக் கணினி அறிவியலில் வலை சார்ந்த நிரலாக்கம் நடத்தும் நண்பர்கள் ஒரு பாடவேளைக்கு முயன்று பாருங்கள்.

இனி நம் நாட்டுக்கும் நம் மொழிக்கும் வருவோம். மலேசியாவில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் 1996-இல் வந்தது. அதன் ஒரு பகுதியான செகோலா பெஸ்தாரி 1999-இல் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கியது. கணினிக் கூடங்கள் வந்தன. ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்த ஒரு தமிழ்ப்பிள்ளை தமிழில் அகப்பக்கம் செய்ய நினைத்தால் என்ன ஆகியிருக்கும்?

எழுத்துருவில் போய் முட்டியிருப்பாள். தமிழ் அதற்குள் இணையத்தில் ஏறியிருந்தது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் கொண்ட இணையத்தளத்தை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழ் இடம்பெறப் பாடுபட்டவர் நா. கோவிந்தசாமி. அவர் யார் தெரியுமா? எழுத்தாளர், ஆசிரியர், பிறகு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் விரிவுரையாளர். நம்மில் ஒருவர். 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவர்தான். 1999-இல், ஐம்பத்து மூன்றே வயதில் மறைந்தார். நம் நாட்டில் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவிலிருந்தே முரசு மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1999-இல் சென்னையில் மாநாடு, 2001-இல் கோலாலம்பூரில் மாநாடு. எல்லாவற்றிலும் பெரும்பேச்சு ஒன்றுதான். ஓர் ஊரில் அடித்த தமிழ் இன்னோர் ஊரில் தமிழாகத் தெரிய வேண்டும்.

ஏனென்றால் அப்போது ஆளுக்கொரு குறியாக்கம். பக்கத்தைச் செய்தவர் பயன்படுத்திய அதே எழுத்துரு பார்ப்பவர் கணினியிலும் இருந்தால்தான் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் மேலே கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறியும்தான். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது கைக்கு எட்டியது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவர்கள் பழைய குறியாக்கங்களில் செய்த தமிழ்ப் பக்கங்கள், கோப்பு பத்திரமாக இருந்தாலும்கூட, மாற்றித் தராமல் யாராலும் படிக்க முடியாது. பரிசு கொடுத்த நடுவர்கூட இன்றைக்குத் திறந்தால் திகைத்துப் போவார்.

தொலைந்துபோவதற்கு எழுத்துரு ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொண்ட ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26-இல் மூடப்பட்டது. ஆர்வலர்கள் சிலர் இரவு பகலாக உட்கார்ந்து முடிந்த அளவு இறக்கி வைத்தார்கள். திங்க்குவெஸ்ட் 2002-இல் ஆரக்கிள் கல்வி அறக்கட்டளைக்குக் கைமாறி, 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. மேலே சொன்னேனே, அந்த ஆயிரக்கணக்கான தளங்கள் கொண்ட நூலகம், அதுவும் சேர்ந்து போனது. நம் நாட்டில் 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் கீழ் பள்ளிகள் பயன்படுத்திய ஃப்ரோக் மெய்நிகர் தளத்தின் காலம் 2019-இல் முடிந்தது. அடுத்த ஆண்டு டெலிமா வந்தது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் போனது. பிள்ளைகள் வாரக்கணக்கில் செய்த அசைவூட்டங்கள் வட்டில் இருக்கும், ஆனால் ஓடாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் வலையைச் சேகரித்து வருகிறது, பெரிய புண்ணியம். ஆனால் பள்ளி வகுப்பில் செய்த ஒரு சின்னப் பக்கம் அதன் வலையில் சிக்கியிருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

நம் மதிப்பீட்டு முறை இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா? சொல்கிறது, ஆச்சரியமாக. 2012-இல் முதலாம் படிவத்துக்குப் பள்ளிசார் மதிப்பீடு வந்தபோது, ஆறு நிலைகளில் உச்ச நிலைக்கு 'மிதாலி' என்ற சொல்லை வைத்தார்கள். 'மிதால்' என்றால் அரபு மொழியில் எடுத்துக்காட்டு. பின்னர் வந்த கலைத்திட்ட ஆவணங்களிலும் அடைவுநிலை ஆறு என்பதற்கு, பிறர் பின்பற்றத்தக்க வேலை என்ற கருத்து தொடர்கிறது. அதாவது நாம் ஒரு பிள்ளைக்கு ஆறு என்று குறிக்கும்போது, 'உன் வேலையைப் பார்த்து மற்றவர் கற்றுக்கொள்ளலாம்' என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்கிறோம். சொல்லிவிட்டுக் கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். யார் பார்ப்பது? யார் பின்பற்றுவது?

நேரம் இல்லை என்பீர்கள். எனக்கும் இல்லை. பாடவேளை, அணிவகுப்பு, கூட்டம், தரவு நிரப்புதல் எல்லாம் எனக்கும் உண்டு. அதனால்தான் எல்லாப் பக்கத்தையும் நானே படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். கடந்த ஆண்டு கணினி ஆசிரியரும் நானும் சேர்ந்து ஒரு சின்ன மாற்றம் செய்தோம். இடுபணி முடிந்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இன்னொருவரின் அகப்பக்கத்துக்குச் சிறப்புப் பாயிரம் எழுத வேண்டும். நன்னூலின் பதினொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும், பதில் கிடைக்காத இடத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். பாயிரத்தை அந்தப் பக்கத்திலேயே, எழுதியவர் பெயரோடு சேர்க்க வேண்டும். தமிழ் வகுப்புக்கு அது கட்டுரைப் பயிற்சி, கணினி வகுப்புக்கு அது மதிப்பீடு. முதல் தடவை பாதிப் பேர் 'அழகாக இருக்கிறது, வாழ்த்துகள்' என்று எழுதிவிட்டு எழுந்து போகப் பார்த்தார்கள். 'வழி எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவை ஒரு பையன், தன் நெருங்கிய நண்பனின் பக்கத்துக்கு, 'வழி: இல்லை. கேட்டேன், அவனுக்கே தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்தான். நண்பன் கோபித்துக்கொண்டு, அன்றைக்கு மாலையே மூலங்களைத் தேடிப் போட்டான்.

கோப்புகளை மூன்று இடத்தில் வைக்கிறோம். பள்ளிக் கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, பிள்ளையின் கையில் ஒன்று. எழுத்து எல்லாம் யூனிகோடில். கடைக்காரர் படமும் பெயரும் இருந்தால் அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் முழுப்பெயரும் படமும் வெளியே போகும் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். அது கிடைக்காத பக்கங்கள் பள்ளிக்குள் மட்டும் இருக்கும். பள்ளிக்குள் இருந்தாலும் அடுத்த வகுப்பு பார்க்கலாமே, அது போதும்.

கடைத்தெருப் பக்கம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவள் வைத்திருந்த இலவச இடம் காலாவதியாகி, முகவரி எப்போதோ செத்துப்போனது. அவள் படிப்பு முடித்துப் போய்விட்டாள். தயங்கித் தயங்கித்தான் குறுஞ்செய்தி அனுப்பினேன். 'பழைய பென்டிரைவில் இருக்கும் டீச்சர், தேடிப் பார்க்கிறேன்' என்றாள். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பள்ளிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். பதினொரு பக்கமும் இருந்தன. பட்டியலில் இருந்த கடைகளில் இரண்டு இப்போது இல்லை. ஒன்றின் பலகையைப் பற்றி, அதை எழுதியவர் யார், எத்தனை நாளில் எழுதினார் என்று அவள் வாங்கி வைத்த நான்கு வரி மட்டும் இருக்கிறது. அன்றைக்கு நடுவர் இருக்கையில் நானும் இருந்தேன், படிக்கவில்லை என்று அவளிடம் சொன்னேன். 'தெரியும் டீச்சர், நீங்க ரெண்டாவது பக்கத்தைத் திறக்கவே இல்லை, நான் பின்னாடிதான் நின்னேன்' என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இந்த ஆண்டு நான்காம் படிவத்துக்கு அதைத் திரையில் போட்டுக் காட்டினேன். அவளுக்கு இப்போது பாயிரம் எழுதப்போவது கூடப் படித்தவர்கள் இல்லை, அவளுக்குப் பின்னால் வந்தவர்கள். பாடவேளை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு மாணவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். கன்ட்ரோல், யூ. திரை முழுக்க அவளுடைய நிரல். 'டீச்சர், இந்த அட்டவணையில் கடைப் பெயரைத் தட்டினால் அந்தப் பக்கத்துக்குப் போகுதே, அதை இப்படித்தான் செஞ்சாங்களா?' என்று கேட்டுக்கொண்டே தன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தான்.